பள்ளிக்கூடப் பணத்தை நிறுத்துவதற்குப் பெயர் கண்காணிப்பா?

வைகைக்கரை எழுதியது:

ரொம்ப நாளாக மனதில் இருக்கிற விஷயம், இங்கே வைத்துவிடுகிறேன். சமக்ர சிக்‌ஷா திட்டத்தில் 2024-25க்குத் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய ஒன்றிய அரசின் பங்கு 2,152 கோடி ரூபாய். பள்ளிக் கல்விக்கு டெல்லியும் மாநிலமும் சேர்ந்து பணம் போடும் திட்டம் அது, டெல்லிக்கு 60, மாநிலத்துக்கு 40. அந்த 60 அந்த வருடம் வரவில்லை. பணத்தை யாராவது தின்றுவிட்டார்கள் என்பதற்காக நிறுத்தவில்லை. சில பள்ளிகளை முன்மாதிரிப் பள்ளிகளாக மேம்படுத்தும் பி.எம்.ஸ்ரீ பள்ளிகள் என்ற வேறொரு ஒன்றிய அரசுத் திட்டத்தின் ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்துப் போடவில்லை, அதனால் நிறுத்தினார்கள். தேசியக் கல்விக் கொள்கையை முழுவதுமாக நிறைவேற்ற வேண்டும் என்று அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் கையெழுத்துப் போடுகிறோம் என்றது தமிழ்நாடு. டெல்லி ஒப்புக்கொள்ளவில்லை. 2025 பிப்ரவரியில் வாரணாசியில் கல்வி அமைச்சர் தர்மேந்திர பிரதான், கொள்கையை ஏற்றால்தான் பணம் என்ற பொருளில் பேசினார். மே மாதம் தமிழ்நாடு அரசமைப்பின் 131ஆவது பிரிவின் கீழ் உச்ச நீதிமன்றம் போய், வட்டியோடு சேர்த்து 2,291 கோடி கேட்டது.

மாநிலங்கள் டெல்லிப் பணத்தை நம்பி இருக்கின்றன, அதனால் டெல்லி கண்காணிக்கத்தானே செய்யும் என்று பலர் எழுதுகிறார்கள். கண்காணிக்கட்டும், நானும் அதையே கேட்கிறேன். ஆனால் எதைக் கண்காணிப்பது? வகுப்பறைக்குக் கொடுத்த பணம் வகுப்பறைக்குப் போனதா என்று பார்ப்பது கண்காணிப்பு. வகுப்பறைக்கான பணத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு வேறொரு தாளில் கையெழுத்துக் கேட்பது மிரட்டல். இதை இல்லை என்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.

பேரேடு எழுதியது:

வணக்கம். அரசுக் கணக்குத் தணிக்கையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் கோபத்தில் நியாயம் இருந்தாலும், நீங்கள் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2024 மார்ச்சில் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளரே மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் சேர மாநிலம் ஆர்வமாக இருக்கிறது, குழு அமைத்திருக்கிறோம், அடுத்த கல்வியாண்டு தொடங்கும் முன் கையெழுத்திடுவோம் என்பது அதன் சாரம். ஜூலையில் வரியை மாற்றி வேறு வரைவு அனுப்பினார்கள். எழுதிக் கொடுத்ததிலிருந்து ஒரு மாநிலம் விலகினால், எதிர்த்தரப்பு பணத்தை நிறுத்திக் கேட்பதில் என்ன ஆச்சரியம்?

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. மாநிலங்களைக் கேள்வி கேட்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதை நாம் நம் ஊரிலேயே பார்த்தோம். 2020இல் பி.எம். கிசான். நிலம் வைத்திருக்கும் விவசாயிக்கு வருடம் 6,000 ரூபாய், மூன்று தவணை. கொரோனா காலத்தில் இணையத்தில் தாங்களே பதிந்துகொள்ள வழி திறந்தார்கள். சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டியவர்கள் வட்டார வேளாண்மை அலுவலகத்தினர். அவர்களுடைய கடவுச்சொல் வெளியே போனது. கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்தபடி ஒப்புதல் கொடுத்தார்கள். தரகர்கள் தெருத் தெருவாக ஆதாரும் பாஸ்புக் நகலும் வாங்கினார்கள். கொரோனா நிவாரணம் என்று சொல்லி வாங்கியதும் உண்டு. ஒரு சென்ட் நிலம் இல்லாதவர் கணக்கில் பணம் விழுந்தது, தரகருக்குப் பங்கு போனது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் பக்கம்தான் முதலில் வெடித்தது. தகுதியில்லாதவர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல், போன பணம் 110 கோடி அளவு என்று மாநில அரசே சொன்னது. சிபிசிஐடி விசாரித்தது, ஒப்பந்த ஊழியர்கள் நீக்கப்பட்டார்கள், அதிகாரிகள் இடைநீக்கம் ஆனார்கள்.

இதெல்லாம் நடந்தது மாநிலத்தின் கையில் இருந்த சரிபார்ப்பு வேலையில். பணம் கொடுக்கிறவர் கையில் நிறுத்தும் அதிகாரம் இல்லையென்றால், வாங்குகிறவர் யாருக்குப் பயப்படுவார்?

கொங்குத்தறி எழுதியது:

யாருடைய பணம் ஐயா அது? நாம் ஒரு ரூபாய் கட்டினால் 29 பைசா திரும்பி வருகிறது. மாநிலங்களுக்கு வரியைப் பிரித்துக் கொடுக்கச் சொல்லும் நிதிக்குழு இருக்கிறதே, ஒன்பதாவது நிதிக்குழுவில் தமிழ்நாட்டின் பங்கு 7.931 சதவீதம், பதினைந்தாவது நிதிக்குழுவில் 4.079. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தியதற்குத் தண்டனை. இதில் பங்கிட வேண்டாத செஸ், சர்சார்ஜ் வேறு. 2011-12இல் மொத்த வரியில் 10 சதவீதம் அளவு இருந்தது, 2020-21இல் 20ஐத் தொட்டது. எங்கள் ஊர்த் தறிக்காரன் கட்டின வரியில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுக்கிறார்கள், அதற்கும் கையெழுத்துக் கேட்கிறார்கள். கண்காணிக்க வேண்டியது டெல்லியைத்தான்.

பேரேடு எழுதியது:

கொங்குத்தறி தம்பி, செஸ் பற்றிச் சொன்னது சரியான புகார். அதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. 29 பைசாக் கணக்கை மட்டும் நிதானமாகப் பாருங்கள். வருமான வரியும் கம்பெனி வரியும் எந்த ஊரில் கட்டப்படுகிறதோ அந்த ஊர்க் கணக்கில் ஏறும். ஸ்ரீபெரும்புதூரில் செய்த காரைப் பாட்னாவில் ஒருவர் வாங்கினால், கம்பெனியின் லாபத்துக்கான வரி சென்னையில் கட்டப்படலாம். லாபம் கொடுத்தவர் பாட்னாக்காரர். இதே கணக்கைத் தமிழ்நாட்டுக்குள் போட்டால் சென்னை மாநகராட்சி எல்லையில் கட்டிய வரிக்கு இராமநாதபுரத்தில் சாலை போடுவதும் அநியாயம் என்றாகிவிடும். அங்கே நாம் அப்படிக் கேட்பதில்லை. கேட்கவும் கூடாது.

இன்னொன்று. நிதிக்குழு சொல்லும் வரிப் பங்கு, பங்கிடும் மத்திய வரியில் 41 சதவீதத் தொகுப்பிலிருந்து வருவது, அதற்கு எந்த நிபந்தனையும் கிடையாது. மாநிலம் தன் விருப்பப்படி செலவழிக்கலாம். நிபந்தனை இருப்பது திட்டப் பணத்துக்குத்தான். 2025-26 பட்ஜெட்டைப் பாருங்கள். தமிழ்நாட்டின் வருவாய் வரவு 3.31 லட்சம் கோடி என மதிப்பிட்டார்கள். அதில் சொந்த வரி 2.20 லட்சம் கோடிக்கு மேல், மத்திய வரிப் பங்கு 58 ஆயிரம் கோடி, மத்திய மானியம் 23,834 கோடி. அதாவது டெல்லியின் நிபந்தனைக்குள் வருவது நூறு ரூபாய்க்கு ஏழு ரூபாய் சொச்சம். பீகாரில் வருவாயில் முக்கால்வாசி டெல்லியிலிருந்து போகிறது. நம்மைப் போன்ற மாநிலத்துக்கு மிரட்டல் என்ற பேச்சுப் பொருந்தாது. பிடிக்காவிட்டால் திட்டத்தை விட்டு வெளியே வரலாமே.

வைகைக்கரை எழுதியது:

ஐயா, உங்கள் பி.எம். கிசான் உதாரணத்துக்கே முதலில் வருகிறேன், ஏனென்றால் அது என் பக்கத்து உதாரணம்.

பணத்தைக் கணக்கில் நேராகப் போட்டது ஒன்றிய அரசு. இணையதளம் அவர்களுடையது. ஐந்து லட்சம் பேர் கூடுதலாகச் சேர்ந்தபோது அந்தப் பக்கம் எந்த மணியும் அடிக்கவில்லை. கண்டுபிடித்தது மாநில வேளாண் துறையும் மாவட்ட ஆட்சியர்களும். பிறகு என்ன நடந்தது? தகுதியில்லாதவர்களின் பெயரை நீக்கினார்கள், வங்கிக் கணக்கிலிருந்து பணத்தைத் திரும்ப எடுத்தார்கள், கடவுச்சொல்லை விற்றவர்கள் மேல் வழக்குப் போட்டார்கள். தமிழ்நாட்டின் உண்மையான விவசாயிகள் அத்தனை பேருக்கும் தவணையை நிறுத்தினார்களா? இல்லை. கண்காணிப்பு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். தப்பு செய்தவன் மாட்ட வேண்டும், செய்யாதவன் பாதிக்கப்படக் கூடாது.

இப்போது மேற்கு வங்கத்தைப் பாருங்கள். நூறு நாள் வேலைச் சட்டத்தின் 27ஆவது பிரிவைக் காட்டி 2022 மார்ச் 9ஆம் தேதியிலிருந்து மாநிலம் முழுவதற்கும் பணம் நிறுத்தம். முறைகேடு இருந்தது, அதை மறைக்கவில்லை. சில மாவட்டங்களில் மத்தியக் குழு போய்ப் பார்த்து எழுதியது. ஆனால் அந்தச் சில மாவட்டத்துக்காக மொத்த மாநிலத்துக்கும் வேலை நின்றது. மூன்று வருடத்துக்கு மேல். மண் வெட்டிய பெண்ணுக்கு ஏற்கெனவே பார்த்த வேலைக்கான கூலியும் சேர்ந்து நின்றது. 2025 ஜூனில் கல்கத்தா உயர் நீதிமன்றம் தலையிட்டு, ஆகஸ்ட் 1 முதல் திட்டத்தை மறுபடி நடத்துங்கள், முறைகேடு நடக்காமல் இருக்க என்ன நிபந்தனை வேண்டுமோ போட்டுக்கொள்ளுங்கள் என்றது. அந்த அமர்வுக்குத் தலைமை வகித்தவர் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து அங்கே போன டி.எஸ்.சிவஞானம். ஒன்றிய அரசு மேல்முறையீடு போனது, அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. திருடனைப் பிடிக்கவும் செய்யலாம், கூலியைக் கொடுக்கவும் செய்யலாம், இரண்டும் ஒரே நேரத்தில் முடியும் என்பதற்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

வெளியே வரலாமே என்கிறீர்கள். முதியோர் ஓய்வூதியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 1,200 ரூபாய் கொடுக்கிறோம். அதில் 60 முதல் 79 வயது வரை டெல்லியின் பங்கு 200 ரூபாய். பத்து வருடத்துக்கும் மேலாக அதே 200. ஊரக வீட்டுத் திட்டத்தில் 1.20 லட்சத்தில் டெல்லி 72 ஆயிரம், மாநிலம் 48 ஆயிரம். அந்தத் தொகையில் கான்கிரீட் கூரை நிற்காது என்பதால் மாநிலம் மேலும் 1.20 லட்சம் போடுகிறது. மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குகூட டெல்லியுடையது இல்லை. பெயர், வடிவம், பயனாளிப் பட்டியல் எல்லாம் டெல்லி சொல்கிறபடி. வெளியே வந்தால் அந்த வரிப்பணம் நமக்குத் தனியாக வந்துவிடுமா? வராது. வேறு மாநிலத்துக்குப் போகும். கதவு திறந்திருக்கிறது, ஆனால் பையை உள்ளேயே வைத்துவிட்டுப் போ என்றால், அது எப்படிப் போகிற சுதந்திரம்?

சாக்பீஸ் டீச்சர் எழுதியது:

நான் எந்தப் பக்கமும் பேச வரவில்லை. சமக்ர சிக்‌ஷாவில் சிறப்புப் பயிற்றுநர் வேலை. மாவட்டம் சொல்ல மாட்டேன்.

பணம் நின்றால் என்ன நிற்கும் என்று தெரியாமலே இரண்டு பக்கமும் பேசுகிறீர்கள், அதனால் சொல்கிறேன். பள்ளிக்கு வர முடியாத குழந்தைகளுக்கு வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுப்போம். மூளை முடக்குவாதம் உள்ள ஒரு பையன், எட்டு வயது. பிசியோதெரபிஸ்ட் வந்து காலை நீட்டி மடக்கிவிடுவார், நான் எழுத்து அட்டை வைத்துச் சொல்லிக் கொடுப்பேன். வாரம் தவறாமல் செய்தால்தான் தசை இறுகாது. பயணப்படி நின்றது. சம்பளம் தள்ளித் தள்ளி வந்தது, மாநிலம் தன் கையிலிருந்து போட்டுக் கொடுத்தார்கள். நான் என் வண்டியில் போய்விடுவேன். பிசியோதெரபிஸ்ட் நான்கு ஒன்றியம் பார்ப்பவர், அவரால் எல்லா இடத்துக்கும் வர முடியவில்லை. பையனின் அம்மா தானே செய்யப் பார்த்தார். ஒரு மாதம் கழித்து நாங்கள் போனபோது முழங்கால் முன்பு மடங்கிய அளவு மடங்கவில்லை. கல்விக் கொள்கை பற்றி அந்த அம்மாவிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

சாதாரணப் பள்ளியையும் சொல்கிறேன். 31 முதல் 100 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு வருடத்துக்குப் பள்ளி மானியம் 25,000. பதிவேடு, சாக்பீஸ், குழாய் ரிப்பேர், கழிப்பறைக்குப் பிளீச்சிங் பவுடர் எல்லாம் அதற்குள். அது வராத வருடம் தலைமையாசிரியர் கையிலிருந்து போடுவார், இல்லையென்றால் ஊரில் யாரிடமாவது கேட்பார். இலவசக் கட்டாயக் கல்விச் சட்டத்தில் தனியார் பள்ளியில் 25 சதவீத இடம், அதற்கான சேர்க்கை அந்த 2025இல் அக்டோபரில்தான் திறந்தது. ஜூனில் சேர வேண்டிய குழந்தை! கடன் வாங்கிக் கட்டணம் கட்டிவிட்ட பெற்றோர் எத்தனை பேர்.

தணிக்கை வேண்டும் என்கிறவர்களுக்கும் ஒன்று. எங்கள் ஒன்றியத்துக்கு எந்தத் தலைப்பில் எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது என்று எங்களிடமே யாரும் சொல்வதில்லை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள், தொகையைப் படிப்பதில்லை. படித்தால் அம்மாக்கள் கேள்வி கேட்பார்கள். அவர்கள் கேட்கிற கேள்விக்கு எந்த அதிகாரியும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பேரேடு எழுதியது:

டீச்சர் அம்மா எழுதியதைப் படித்தேன். அந்தக் குழந்தைக்கு நடந்தது நடந்திருக்கக் கூடாது, அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். 2025 மார்ச்சில் திக்விஜய் சிங் தலைமையிலான நாடாளுமன்ற நிலைக்குழுவும் இந்த இரண்டு திட்டத்தையும் முடிச்சுப் போடாமல் பணத்தை விடுவியுங்கள் என்றுதான் பரிந்துரைத்தது. அதில் ஆளுங்கட்சி உறுப்பினர்களும் உண்டு.

ஆனால் கொள்கைக்காக நிறுத்துவது வேறு, கணக்குக்காக நிறுத்துவது வேறு. இரண்டையும் ஒன்றாக்கி, நிறுத்தவே கூடாது என்று முடிக்காதீர்கள்.

என் வேலையில் பார்த்ததைச் சொல்கிறேன். வாங்கிய பணத்தைச் செலவழித்ததற்குக் காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் என்பது ஒரே ஒரு தாள். போன வருட இருப்பு எவ்வளவு, இந்த வருடம் வந்தது எவ்வளவு, செலவு எவ்வளவு, மீதி எவ்வளவு. கீழே ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை. வகுப்பறை கட்டினார்களா, கட்டினது ஒழுகுகிறதா என்பது அந்தத் தாளில் தெரியாது. அந்த ஒரு தாளைக்கூட நேரத்துக்கு அனுப்ப மாட்டார்கள். பீகார் பற்றி 2025இல் வந்த சிஏஜி (நாட்டின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) அறிக்கையைப் பாருங்கள். 70,877 கோடி ரூபாய்க்குச் சான்றிதழ் நிலுவை. திருட்டு நடந்தது என்று இதற்குப் பொருள் இல்லை, அதில் மாநிலத்தின் சொந்தப் பணமும் சேர்ந்திருக்கிறது. ஆனால் பணம் என்ன ஆனது என்று உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. அடுத்த தவணையை நிறுத்துவேன் என்ற ஒரு வார்த்தைக்குத்தான் இந்த நாட்டில் பைல் நகர்கிறது. முப்பது வருடம் இதைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

மாநிலத்துக்குள்ளேயே கண்காணிப்பு இருக்கிறதே என்பீர்கள். சிஏஜி அறிக்கை ஆளுநரிடம் போய்ச் சட்டமன்றத்தில் வைக்கப்படும். எப்போது? கூட்டத்தொடரின் கடைசி நாளில். யார் ஆட்சியில் இருந்தாலும் இதே வழக்கம்தான். விவாதம் கிடையாது. பொதுக் கணக்குக் குழு அதை எடுத்துப் பேசும்போது அந்த அதிகாரி ஓய்வு பெற்றிருப்பார், ஒப்பந்ததாரர் வேறு பெயரில் வேறு வேலை எடுத்திருப்பார்.

வைகைக்கரை எழுதியது:

பீகாரில் 70,877 கோடிக்குச் சான்றிதழ் நிலுவை என்று நீங்களே எழுதுகிறீர்கள். அதற்காக அங்கே பள்ளிக்கூடப் பணம் மொத்தமாக நின்றதா? இங்கே கணக்கில் ஒரு குற்றச்சாட்டும் இல்லாமல் 2,152 கோடி நின்றது. நீங்கள் சொல்கிற அந்தப் பயம் கணக்கு வைக்காதவனுக்கு வரவில்லை, வேறு கட்சியாக நிற்கிறவனுக்கு மட்டும் வருகிறது. பஞ்சாப் மறுத்து நின்றது, பிறகு 2024 ஜூலையில் ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. கேரளா 2025 அக்டோபரில் கையெழுத்துப் போட்டது, கூட்டணிக்குள்ளேயே எதிர்ப்பு வந்ததும் நிறுத்தி வைக்கிறோம் என்றது. இந்த மாநிலங்களுக்குக் கொள்கை திடீரென்று பிடித்துப்போய்விடவில்லை. பள்ளிக்கூடப் பணம் நின்றுபோனதுதான் காரணம்.

ஏழாவது வார்டு எழுதியது:

ரெண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். டெல்லி சென்னையைப் படுத்துகிறது என்று எல்லாரும் எழுதுகிறீர்கள். சென்னை எங்களைப் படுத்துவதை யார் எழுதுவது?

நான் கிராம ஊராட்சியில் வார்டு உறுப்பினராக இருந்தவன். 2016இல் நடக்க வேண்டிய ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2019 டிசம்பரில்தான் 27 மாவட்டத்தில் நடந்தது, மற்ற மாவட்டங்களில் 2021 அக்டோபரில். இடையில் ஊராட்சிக்குத் தலைவர் இல்லை, உறுப்பினர் இல்லை, அரசு போட்ட தனி அலுவலர்தான். தேர்ந்தெடுத்த ஆட்கள் இல்லாத ஊராட்சிக்கு நிதிக்குழு மானியம் கிடையாது என்று டெல்லி நிறுத்தியது. அப்போதும் சென்னையில், மாநில உரிமை, எங்கள் பணம் என்றார்கள். எங்கள் ஊர்ப் பைப்லைன் பணம் நின்றது டெல்லியாலா, தேர்தல் நடத்தாதவர்களாலா? பிறகு நாங்கள் ஜெயித்து வந்தோம். 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு, மயிலாடுதுறை பிரிந்து 28 ஆகியிருந்த அந்த மாவட்டங்களில் எங்கள் காலம் முடிந்தது. அந்த வருடமும் தேர்தல் இல்லை, மறுபடி தனி அலுவலர்.

பதவியில் இருந்தபோது மட்டும் என்ன வாழ்ந்தது? பதினைந்தாவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று டெல்லி கட்டிப்போட்டது. மீதி 40இல் எங்கள் இஷ்டம் என்று பெயர். ஆனால் எந்தத் தெருவுக்கு பேவர் பிளாக் என்பது முதற்கொண்டு ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் முடிவாகி வரும். எங்கள் தெருவில் வாய்க்கால் வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் போட்டோம். வந்தது பேவர் பிளாக். ஏன் என்று கேட்டால் எஸ்டிமேட் போட்டாகிவிட்டது என்றார்கள்.

பேரேடு ஐயா நிறுத்தினால்தான் பைல் நகரும் என்கிறார். நகர்ந்ததை நான் பார்த்த இடம் வேறு. நூறு நாள் வேலையின் சமூகத் தணிக்கை. அந்தச் சட்டத்தின் 17ஆவது பிரிவு. பக்கத்து ஊரிலிருந்து படித்த பிள்ளைகள் வந்து ஒரு வாரம் தங்குவார்கள். மஸ்டர் ரோலை, அதாவது வருகைப் பதிவேட்டை, கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். இத்தனை நாள் வேலை பார்த்தாயா, இவ்வளவு பணம் வந்ததா என்று கேட்பார்கள். வரப்பு போட்டதாகச் சொன்ன இடத்துக்கு டேப்போடு போய் அளப்பார்கள். கடைசி நாள் கிராம சபையில் சத்தமாகப் படிப்பார்கள். எங்கள் ஊரில் ஒரு முறை இறந்துபோன ஒருவர் பெயரில் வருகை இருந்தது. படித்ததும் அவருடைய மருமகள் எழுந்து, எங்க மாமனார் போய் ரெண்டு வருஷம் ஆச்சு, அவர் எந்த ஏரியில் மண் வெட்டினார் என்று கேட்டார். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த யாரும் வாய் திறக்கவில்லை. அந்தத் தொகை திரும்பக் கட்டப்பட்டது, பணித்தளப் பொறுப்பாளர் மாற்றப்பட்டார். ஊரில் ஒருவருக்கும் ஒரு நாள் கூலியும் நிற்கவில்லை.

வைகைக்கரை எழுதியது:

வார்டு அண்ணா, இதைத்தான் நான் முதல் பதிவில் சொல்ல வந்தேன், உங்கள் அளவுக்குத் தெளிவாக எழுத வரவில்லை. மேகாலயா 2017இல் சமூகத் தணிக்கைக்கென்றே தனிச் சட்டம் போட்டது. நூறு நாள் வேலைக்கு மட்டும் இல்லை, பல திட்டங்களுக்கும் சேர்த்து. தமிழ்நாடு ஏன் போடக் கூடாது? மாநில உரிமை கேட்கிற மாநிலம் முதலில் தன் ஊராட்சிகளுக்கு அதைக் கொடுக்க வேண்டும், தன் கணக்கைத் தன் ஜனங்களுக்கு முன்னால் திறக்க வேண்டும். 1971இல் மாநில உரிமை பற்றி ராஜமன்னார் குழு அறிக்கை கொடுத்த மாநிலம் இது. டெல்லியிடம் பேசுவதற்கு வலு அங்கிருந்து வரும்.

பேரேடு எழுதியது:

சமூகத் தணிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் அதன் எல்லையும் தெரிய வேண்டும். நாடு முழுக்கச் சமூகத் தணிக்கையில் பிடிபடுகிற தொகையில் திரும்ப வசூலாவது மிகச் சிறிய பங்கு. கிராம சபையில் தீர்மானம் போடலாம், வசூலிக்க வேண்டியது மேலே இருக்கும் அதிகாரி. அவர் அசையவில்லை என்றால் யார் அசைப்பது? மறுபடியும் மேலேயிருந்து ஒரு கை வேண்டியிருக்கிறது. ஏரி வரப்பை ஜனங்கள் அளக்கலாம். மருத்துவக் கல்லூரிக்கு வாங்கிய ஸ்கேன் இயந்திரத்தின் விலை சரியா என்று கிராம சபை எப்படிச் சொல்லும்? அதற்குப் படித்த தணிக்கையாளர் வேண்டும்.

அந்த நூறு நாள் வேலைச் சட்டத்துக்குப் பதிலாகவே 2025 டிசம்பரில் 125 நாள் என்று புதுச் சட்டம் வந்துவிட்டது. பழைய சட்டத்தில் கூலி முழுவதும் மத்திய அரசுடையது, புதுச் சட்டத்தில் 60:40. மாநிலம் 40 போடும்போது மாநிலமும் கணக்குக் கேட்கும், கண்காணிப்புக் கூடும் என்பது என் கருத்து.

கொங்குத்தறி எழுதியது:

கூலி முழுக்கக் கொடுத்த இடத்தில் 60 கொடுத்துவிட்டு, கட்டுப்பாட்டை மட்டும் நூற்றுக்கு நூறு வைத்துக்கொள்வது கண்காணிப்பு கூடுவதா? பாரம் எங்கள் மேல், சாட்டை அவர்கள் கையில்.

சாக்பீஸ் டீச்சர் எழுதியது:

பேரேடு ஐயாவிடம் ஒரு கேள்வி. பணத்தை நிறுத்துகிற காலத்துக்கு, நிறுத்தினவருக்கு ஏதாவது நஷ்டம் உண்டா? மாநிலத்துக்கு நஷ்டம், எனக்கு நஷ்டம், அந்தப் பையனுக்கு நஷ்டம். நிறுத்தினவருக்கு?

பேரேடு எழுதியது:

இப்போதைக்கு இல்லை அம்மா. இதில் உங்கள் பக்கம் பேச எனக்குத் தயக்கம் இல்லை. விதி ஒருபக்கமாகத்தான் இருக்கிறது. 2021இல் இருந்து ஒவ்வொரு திட்டத்துக்கும் மாநிலத்தில் ஒரே ஒரு வங்கிக் கணக்கு, எல்லாச் செலவும் அதன் வழியாகத்தான். அதில் தங்கும் மத்தியப் பணத்துக்கான வட்டியைத் திரும்பக் கட்ட வேண்டும். மத்தியப் பங்கு வந்து 30 நாளுக்குள் மாநிலம் அந்தக் கணக்குக்கு மாற்றவில்லை என்றால், 2023 ஏப்ரல் முதல் 7 சதவீத அபராத வட்டி. மத்திய அரசு தாமதித்தால் இதுபோல் எதுவும் இல்லை. உச்ச நீதிமன்றத்தில் தமிழ்நாடு 6 சதவீத வட்டி கேட்டது இதனால்தான் கவனிக்க வேண்டிய விஷயம். 2,151 கோடி சொச்சம் அசல், 139 கோடி சொச்சம் வட்டி.

என் நிலைப்பாடு இதுதான். நிறுத்தும் அதிகாரம் இருக்க வேண்டும். ஆனால் எந்தத் திட்டத்தில் தவறு நடந்ததோ அந்தத் திட்டத்துக்கு மட்டும், எந்த மாவட்டத்தில் நடந்ததோ அந்த மாவட்டத்துக்கு மட்டும், காரணத்தை எழுத்தில் கொடுத்து, முடிக்கும் தேதியும் போட்டு. சம்பளம், கூலி, குழந்தைகளுக்கான சிகிச்சை இவற்றை எந்த நிலையிலும் தொடக் கூடாது. காரணம் நிற்கவில்லை என்றால் நிறுத்தியவர் அதே 7 சதவீதம் கட்ட வேண்டும்.

வைகைக்கரை எழுதியது:

காரணம் நிற்கிறதா இல்லையா என்று யார் முடிவு செய்வது? நிறுத்தியவரே முடிவு செய்தால் ஒரு நாளும் வட்டி வராது. அரசமைப்பின் 263ஆவது பிரிவில் மாநிலங்களுக்கு இடையிலான மன்றம் இருக்கிறது. 2016 ஜூலைக்குப் பிறகு பல வருடம் அது கூடவே இல்லை. மாநிலங்களும் உட்காரும் அந்த இடத்தில் தீர்மானம் ஆகட்டும். அதற்கு ஒப்புக்கொள்வீர்களா?

பேரேடு எழுதியது:

முதலமைச்சர்கள் உட்காரும் மன்றத்தில் கணக்கு விவகாரம் ஒரு நாளும் முடியாது. சிஏஜி 30 நாளில் முடிவு சொல்லட்டும் என்பேன்.

வைகைக்கரை எழுதியது:

அவரை நியமிக்கச் சொல்வது ஒன்றிய அரசு. பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், தலைமை நீதிபதி சேர்ந்து தேர்வு செய்யும் முறை வந்தால் ஒப்புக்கொள்கிறேன். அதுவரை இல்லை.

ஏழாவது வார்டு எழுதியது:

இரண்டு பேரும் டெல்லியையும் சென்னையையும் முடித்துவிட்டு எங்கள் பக்கம் வாருங்கள். அடுத்த கிராம சபைக்கு 15ஆவது நிதிக்குழு மானியத்தின் வரவு செலவு வேண்டும், தெருவாரியாக. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கப் போகிறேன். மனுவை ஊராட்சிச் செயலருக்குப் போடுவதா, வட்டார வளர்ச்சி அலுவலருக்கா? தனி அலுவலர் காலத்தில் யார் கையெழுத்தில் பணம் போனது என்பதும் அதிலேயே கேட்கலாமா? தணிக்கையில் இருந்தவர் என்பதால் பேரேடு ஐயாவிடம் கேட்கிறேன்.

பேரேடு எழுதியது:

வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் போடுங்கள். வரவு செலவு என்று பொதுவாகக் கேட்காதீர்கள், தகவல் இல்லை என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ரொக்கப் புத்தகத்தின் நகல், செய்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தின் வேலைவாரியான நகல், பயன்பாட்டுச் சான்றிதழின் நகல் என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை என்றும் எழுதுங்கள். கையெழுத்துப் போட்டவர் யார் என்பது அளவுப் புத்தகத்திலேயே இருக்கும். 30 நாளில் பதில் தர வேண்டும், வராவிட்டால் முதல் மேல்முறையீடு. வந்ததும் இங்கே போடுங்கள், எந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.